புள்ளி எந்தப் பிளாக்கில்? பலகோணத்துக்குள் ஒரு புள்ளி இருக்கிறதா என்று விரைவாகக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் கணக்கு எழுதும் கிராணிகளுக்குப் பழகிப்போன தலைவலி ஒன்று உண்டு. தோட்டத்தைப் பிளாக் என்னும் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். பிளாக் 7-உம் பிளாக் 8-உம் சேரும் பாதையோரத்தில் அறுத்த செம்பனைக் குலைகளின் குவியல் ஒன்று கிடக்கும். அது எந்தப் பிளாக் கணக்கு? முன்பெல்லாம் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அடையாளக் கட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இன்று பல தோட்டங்களில் மண்டோர் குலை எண்ணிக்கையைக் கைப்பேசியில் பதிகிறார். கூடவே ஜிபிஎஸ் இடக்குறியும் ஏறுகிறது. அந்த இடக்குறி எந்தப் பிளாக்குக்குள் விழுகிறது என்று சொல்லும் பொறுப்பு கணினிக்கு வந்துவிட்டது.

வரைபடத்தைப் பார்க்கும் கண்ணுக்கு இது ஒரு கேள்வியே அல்ல. கணினியிடம் இருப்பதோ எண்கள் மட்டுந்தான்: பிளாக்கின் முனைகளுக்கு ஒரு வரிசை எண்கள், குலைக் குவியலுக்கு இரண்டு எண்கள். அந்த எண்களிலிருந்து உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். பத்து வரியில் எழுதிவிடக்கூடிய நிரல்தான். ஆனால் அந்தப் பத்து வரியில் ஒரு சமக்குறி இடம் மாறினால், ஒரு குவியல் இரண்டு பிளாக்கிலும் ஏறும், அல்லது எதிலுமே ஏறாமல் போகும். எதிலும் ஏறாத குவியல் ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு. அதனால் இந்த வழிகாட்டியில் வேகத்துக்கு முன்னால் ஒன்றை வைக்கிறேன்: தோட்டத்துக்குள் விழும் எந்தப் புள்ளியும் ஒரே ஒரு பிளாக்கில்தான் விழ வேண்டும். அதை உறுதி செய்த பிறகு வேகத்தைப் பார்க்கலாம்.

பிளாக்குகள் எல்லாம் நேர்ச் சதுரமாக இருந்தால் இவ்வளவும் தேவைப்படாது. 1950-களிலும் 60-களிலும் இந்த நாட்டின் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை முன்னின்று தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். கைமாறிய நிலங்களுக்கு ஆறும் ஓடையும் பழைய பாதையுமே எல்லை ஆகும்போது, வரைபடத்தில் உள்வாங்கிய வளைவுகளும் கூரான மூக்குகளும் வந்து சேர்கின்றன. நம் நிரல் அத்தகைய வடிவங்களைத் தாங்க வேண்டும்.

படி 1: எண்களைச் சுத்தம் செய்தல்

முதலில் வரிசை. ஜிபிஎஸ் கருவிகள் பெரும்பாலும் அட்சரேகையை முன்னால் சொல்கின்றன. ஜியோஜேசன் கோப்பு வடிவம் தீர்க்கரேகையை முன்னால் வைக்கிறது. மலேசியாவில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. இங்கே அட்சரேகை 0-க்கும் 8-க்கும் இடையில், தீர்க்கரேகை 99-க்கு மேல். அட்சரேகைக் கட்டத்தில் 101 என்று ஏதாவது கண்ணில் பட்டால் இரண்டும் இடம் மாறிவிட்டன.

அடுத்தது ஆதார அமைப்பு, அதாவது பூமியில் இடங்களை எதை அடிப்படையாக வைத்து அளக்கிறோம் என்பது. தோட்ட அலுவலகத்தின் பழைய வரைபடங்கள் பல கெர்த்தாவு என்னும் பழைய ஆதாரத்தில் வரையப்பட்டவை. சிலவற்றில் தூரம் சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.1168 மீட்டர். கைப்பேசி ஜிபிஎஸ் தருவது வேறோர் ஆதாரத்தில். மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் எல்லைக் கோடு நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்கும். செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். நூறு மீட்டர் என்றால் பத்து மர நிரைக்கு மேல். இதைச் சரிசெய்யாமல் எழுதும் எந்த நிரலும் தவறான விடையைத்தான் வேகமாகத் தரும்.

மூன்றாவது, எண்ணைச் சேமிக்கும் அளவு. இடக்குறியை 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணாக (கணினி தசம எண்களைச் சேமிக்கும் வடிவம்) வைக்காதீர்கள். 101-க்கு அருகே அத்தகைய எண்ணின் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 0.0000076 பாகை இடைவெளி இருக்கிறது. தரையில் அது 85 சென்டிமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறை, செம்பனைக்கும் ரப்பருக்கும் இடக்குறியைக் குறைந்தது ஆறு தசம இடங்களோடு கேட்கிறது. 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லையைப் பலகோணமாகவே கேட்கிறது. ஆறாவது தசம இடம் என்பது 11 சென்டிமீட்டர். 32 பிட் எண்ணால் அதைத் தாங்க முடியாது. 64 பிட் எண் எடுத்தால் இந்தக் கவலை அடியோடு போய்விடும்.

பாகையை மீட்டராக மாற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். உள்ளே வெளியே என்ற கேள்விக்கு மட்டும் தேவையில்லை. ஒரு படத்தைக் குறுக்கே இழுத்தாலும் நெடுக்கே அமுக்கினாலும் உள்ளே இருந்த புள்ளி வெளியே போய்விடாது. தோட்டம் அளவிலான தூரங்களில் பாகையிலேயே சோதிக்கலாம். எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்கும்போதுதான் மீட்டர் வேண்டும். கீழே உள்ள எடுத்துக்காட்டுகளில் கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மீட்டரையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 2: எல்லைச் செவ்வகம்

ஒவ்வொரு பிளாக்குக்கும் அதன் கிழக்கு மேற்கு எல்லைகளையும் வடக்கு தெற்கு எல்லைகளையும் ஒரே முறை கண்டுபிடித்துச் சேமித்து வையுங்கள். புள்ளி அந்தச் செவ்வகத்துக்கு வெளியே என்றால் நான்கு ஒப்பீட்டோடு வேலை முடிந்தது. பெரும்பாலான புள்ளிகள் பெரும்பாலான பிளாக்குகளிலிருந்து இப்படியே கழிந்துவிடும். இதைவிட மலிவான வேகம் வேறில்லை.

படி 3: கதிர் விடுதல்

புள்ளியிலிருந்து நேராகக் கிழக்கு நோக்கி முடிவில்லாத ஒரு கோடு இழுங்கள். இதுதான் கதிர். அது பிளாக்கின் பக்கங்களை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் புள்ளி உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. தொலைவில் கோடு நிச்சயமாக வெளியே இருக்கிறது. ஒவ்வொரு வெட்டும் உள்ளேயை வெளியேயாகவும் வெளியேயை உள்ளேயாகவும் மாற்றுகிறது. தன்னையே வெட்டாத மூடிய கோடு தளத்தை உள், புறம் என்று இரண்டாகத்தான் பிரிக்கும் என்ற தேற்றம் இதற்கு அடிப்படை. கமில் ஜோர்டான் 1887-இல் அதை எழுதினார். பார்த்தால் வெளிப்படையான அந்தக் கூற்றை நிறுவுவது எளிதாக இருக்கவில்லை. 1905-இல் ஆஸ்வால்ட் வெப்லென் கொடுத்த நிறுவலைத்தான் பல கணித நூல்கள் முதல் முழுமையான நிறுவல் என்கின்றன.

ஒரு பிளாக்கை எடுத்துக் கையாலேயே கணக்குப் போடுவோம். தென்மேற்குக் கட்டையைத் தொடக்கமாக வைத்து, ஒவ்வொரு முனைக்கும் கிழக்குத் தூரம், வடக்குத் தூரம் என்று மீட்டரில் எழுதுகிறேன்.

அ (0, 0)
ஆ (620, 40)
இ (560, 420)
ஈ (300, 220)
உ (60, 460)

ஈ என்ற முனை உள்ளே குழிந்து நிற்கிறது. வடக்கிலிருந்து ஓர் ஓடை உள்ளே புகுந்து திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிளாக்கின் பரப்பு சரியாக 18 ஹெக்டர்.

குலைக் குவியல் (400, 250) என்ற இடத்தில். கதிர் வடக்கு 250 என்ற உயரத்தில் கிழக்கே போகிறது. அ–ஆ பக்கத்தின் இரு முனைகளும் 250-க்குக் கீழே; வெட்டு இல்லை. ஆ–இ பக்கம் 40-இலிருந்து 420-க்கு ஏறுகிறது, ஆகவே 250-ஐக் கடக்கிறது. எங்கே கடக்கிறது?

620 + (250 − 40) ÷ (420 − 40) × (560 − 620) = 586.8

குவியல் 400-இல் இருக்கிறது. வெட்டுமிடம் அதற்குக் கிழக்கே. ஒரு வெட்டு. இ–ஈ பக்கம் 250-ஐ 339-இல் கடக்கிறது. அது குவியலுக்கு மேற்கே, கதிர் அந்தத் திசையில் போகவில்லை. ஈ–உ 270-இலும் உ–அ 32.6-இலும் கடக்கின்றன, அவையும் மேற்கே. மொத்தம் ஒன்று. ஒற்றைப்படை, உள்ளே.

அதே உயரத்தில் (300, 250) என்ற இடத்தை எடுங்கள். 586.8-உம் 339-உம் இப்போது இரண்டுமே கிழக்கே. இரண்டு வெட்டு, இரட்டைப்படை, வெளியே. அது ஓடை உள்வாங்கிய பள்ளம். எல்லைச் செவ்வகத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த இடத்தையும் உள்ளே என்று சொல்லியிருப்போம்.

படி 4: கதிர் முனையைத் தொடும்போது

பிழைகள் பிறக்கும் இடம் இதுதான். எம். ஷிம்ராட் இந்த முறையை 1962-இல் ஒரு கணினி ஆய்விதழில் வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் இன்னொருவர் அதைச் சோதித்துத் திருத்தம் எழுத வேண்டியிருந்தது. ஆகவே இங்கே நிதானமாகப் போவோம்.

குவியல் (100, 220)-இல் இருக்கிறது என்று வையுங்கள். கதிர் வடக்கு 220-இல் போகிறது. ஈ என்ற முனையும் சரியாக 220-இல் இருக்கிறது. கதிர் அந்த முனையை உரசிக்கொண்டு போகிறது, வெட்டவில்லை. அதை ஒரு வெட்டாக எண்ணினால் விடை தலைகீழாகும். ஆனால் ஆ போன்ற முனையில், ஒரு பக்கம் கீழிருந்து வந்து மற்றொரு பக்கம் மேலே போகிறது. அங்கே ஒரு வெட்டு என்று எண்ணியே ஆக வேண்டும். இரண்டையும் தனித்தனி விதிவிலக்காக எழுதப் புகுந்தால் நிரல் நீண்டு, ஓட்டையும் கூடவே நீளும்.

விதிவிலக்கே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தாழ்ந்த முனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உயர்ந்த முனையை விட்டுவிடுங்கள். அதாவது ஒரு முனையைப் பார்த்து "இது கதிருக்கு மேலே, அதாவது வடக்கே, இருக்கிறதா?" என்று கேளுங்கள், கதிரின் அதே உயரத்தில் இருந்தால் "இல்லை" என்றே வையுங்கள். பக்கத்தின் இரண்டு முனைகளும் வேறு வேறு விடை சொன்னால் மட்டும் அந்தப் பக்கம் கதிரைக் கடக்கிறது.

இப்போது சோதியுங்கள். (100, 220)-இலிருந்து போகும் கதிருக்கு ஆ–இ பக்கம்: 40 மேலே இல்லை, 420 மேலே, கடக்கிறது, 591.6-இல், கிழக்கே. இ–ஈ: 420 மேலே, 220 மேலே இல்லை, கடக்கிறது, 300-இல், கிழக்கே. ஈ–உ: 220 மேலே இல்லை, 460 மேலே; கடக்கிறது, அதே 300-இல். உ–அ: 28.7-இல் கடக்கிறது, ஆனால் மேற்கே. மூன்று வெட்டு, ஒற்றைப்படை, உள்ளே. ஈ முனை இரண்டு முறை எண்ணப்பட்டதால் தன்னையே கழித்துக்கொண்டது.

இ போன்ற உச்சி முனையில் கதிர் 420-இல் போனால் ஆ–இ, இ–ஈ இரண்டு பக்கங்களுமே கடக்கவில்லை என்று வரும். பூஜ்யம், அதுவும் சரி. ஆ முனையின் உயரமான 40-இல் போனால் அ–ஆ கடக்கவில்லை, ஆ–இ கடக்கிறது. ஒன்று, அதுவும் சரி. கதிரோடு படுத்துக் கிடக்கும் கிடைப் பக்கத்துக்கு இரண்டு முனையும் ஒரே விடை சொல்லும், தானாகவே தவிர்க்கப்படும். ஒரே விதி எல்லா நிலைக்கும் பொருந்துகிறது. இதில் எனக்கு அலுக்காத ஓர் அழகு இருக்கிறது.

சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே புள்ளி விழுந்தால்? மேலே சொன்ன விதியோடு "வெட்டுமிடம் புள்ளிக்குக் கண்டிப்பாகக் கிழக்கே இருக்க வேண்டும், சமமாக இருந்தால் எண்ணாதே" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது பிளாக்கின் மேற்கு எல்லையிலும் தெற்கு எல்லையிலும் உள்ள புள்ளி உள்ளே. கிழக்கிலும் வடக்கிலும் உள்ளது வெளியே. ஒரு பிளாக்கின் கிழக்கு எல்லை அடுத்த பிளாக்கின் மேற்கு எல்லைதானே. ஆகவே கோட்டின் மேல் கிடக்கும் குவியல் 7-இல் வெளியே, 8-இல் உள்ளே. ஒன்றில் மட்டும்.

படி 5: நிரலாக எழுதுதல்

வெட்டுமிடத்தைக் கணக்கிட வகுத்தல் தேவையில்லை. வெட்டுமிடம் எங்கே என்பது நமக்கு வேண்டாம். புள்ளி அந்தப் பக்கத்துக்கு எந்தப் புறம் என்பது போதும். அதைக் குறுக்குப் பெருக்கத்தின் குறி சொல்லிவிடும். கீழே கி என்பது கிழக்குத் தூரம், வ என்பது வடக்குத் தூரம். எண் ஒட்டாதவை சோதிக்கும் புள்ளிக்குரியவை.

உள்ளே = பொய்
ஒவ்வொரு பக்கத்துக்கும், முனை 1-இலிருந்து முனை 2 வரை:
    மேல்1 = (வ1 > வ)
    மேல்2 = (வ2 > வ)
    மேல்1 = மேல்2 என்றால் அடுத்த பக்கத்துக்குப் போ
    மேல்1 மெய் என்றால் முனை 1, முனை 2 இரண்டையும் இடம் மாற்று
    கு = (கி2 − கி1) × (வ − வ1) − (கி − கி1) × (வ2 − வ1)
    கு > 0 என்றால் உள்ளே-யின் மதிப்பைத் திருப்பு
விடை = உள்ளே

கடைசி முனையிலிருந்து முதல் முனைக்குப் போகும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். சில கோப்புகளில் முதல் முனையே கடைசியிலும் திரும்ப எழுதப்பட்டிருக்கும். அதனால் கேடில்லை, நீளமே இல்லாத அந்தப் பக்கம் தானாகக் கழிந்துவிடும்.

நடுவில் உள்ள இடமாற்று வரி தேவையற்றது போலத் தோன்றும். பலர் அதை எழுதுவதில்லை. இறங்கும் பக்கத்துக்குக் குறியை மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் அதை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிளாக் 7-இன் முனை வரிசையில் பொது எல்லை கீழிருந்து மேலாக வருகிறது என்றால் பிளாக் 8-இன் வரிசையில் அது மேலிருந்து கீழாக வரும். கணினியின் தசமக் கணக்கில் கடைசி இலக்கம் அடிக்கடி சற்றுத் திருத்தப்படுகிறது. ஒரே கோட்டை இரண்டு திசையில் கணக்கிட்டால் அந்தத் திருத்தம் வேறுபடக்கூடும். கோட்டை ஒட்டிக் கிடக்கும் புள்ளி அப்போது இரண்டிலும் விழலாம், இரண்டிலும் விழாமலும் போகலாம். எப்போதும் தாழ்ந்த முனையிலிருந்தே கணக்கிட்டால் இரண்டு பிளாக்கும் அதே எண்களை அதே வரிசையில் பெருக்குகின்றன. விடை கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருக்கும்.

அதே காரணத்துக்காக, பொது எல்லையில் உள்ள அடையாளக் கட்டைகள் இரண்டு பிளாக்கின் முனை வரிசையிலும் இருக்க வேண்டும், அதே எண்களோடு. 7-க்கு ஐந்து கட்டை பதிந்து 8-க்கு அதே கோட்டில் மூன்று மட்டும் பதிந்தால் இரண்டுக்கும் நடுவில் நூல் போன்ற இடைவெளி விழும். நிரலால் அதை அடைக்க முடியாது. வரைபடத்தில்தான் அடைக்க வேண்டும்.

படி 6: உள்ளே கோயிலும் பள்ளியும் இருந்தால்

பிளாக்கின் நடுவே கோயில் நிலம், தமிழ்ப்பள்ளி, தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் என்று கணக்கில் சேராத இடங்கள் இருக்கும். அவற்றின் எல்லையையும் அதே பக்கப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒற்றை இரட்டை விதி அவற்றைத் தானாகவே வெளியே தள்ளிவிடும். பாதை பிரித்துப்போட்ட இரண்டு துண்டுகளாக இருக்கும் பிளாக்குக்கும் இதே வழிதான்.

எல்லையை நடந்தே ஜிபிஎஸ்ஸில் பதிந்தவர்களுக்கு வேறொரு சிக்கல். தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது கோடு சற்றுத் தாண்டிப் போய்த் தன்னையே வெட்டிக்கொள்ளும். இரண்டு முறை சுற்றப்பட்ட சின்ன மூலை ஒன்று உருவாகும். ஒற்றை இரட்டை விதி அந்த மூலையை வெளியே என்னும். சுற்று எண் முறை உள்ளே என்னும். சுற்று எண் முறையில் மதிப்பைத் திருப்புவதற்குப் பதிலாக, ஏறும் பக்கத்துக்கு ஒன்று கூட்டி, இறங்கும் பக்கத்துக்கு ஒன்று கழித்து, முடிவில் பூஜ்யம் அல்லாதது எல்லாம் உள்ளே என்று கொள்கிறோம். வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சுற்று எண்ணைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு முனைக்கும் கோணம் கண்டு கூட்டச் சொல்லும் விளக்கங்களும் உண்டு. அவற்றை ஒதுக்குங்கள், கோணக் கணக்கு மெதுவானது, வேண்டாத பிசகும் சேரும். என் விருப்பம், பலகோணத்தை முதலிலேயே திருத்திவிட்டு ஒற்றை இரட்டை முறையையே வைத்துக்கொள்வது.

படி 7: வேகம்

மேலே உள்ள நிரல் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு முறை பார்க்கிறது. ஐந்து பக்கத்துக்கு அது ஒன்றுமே இல்லை. பிளஸ் ஆற்றங்கரை போன்ற நெளிவான எல்லை ஆயிரக்கணக்கான முனைகளோடு வரும்போதும், ஒரு மாதப் பதிவு மொத்தமாக வந்து விழும்போதும்தான் உறைக்கும்.

முதலில் செய்ய வேண்டியது பலருக்குத் தோன்றாத எளிய வேலை. மண்டோர் ஒரு பிளாக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். ஆகவே ஒரு புள்ளிக்கு முந்திய புள்ளி எந்தப் பிளாக்கில் விழுந்ததோ அதையே முதலில் சோதியுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். ஒரு புள்ளி ஒரே பிளாக்கில்தான் விழும் என்று மேலே உறுதி செய்துவிட்டதால் மற்றவற்றைப் பார்க்க வேண்டியதே இல்லை.

முனைகள் மிகுந்த ஒரே பலகோணத்துக்கு, அதைக் கிடைப் பட்டைகளாக அறுத்து வையுங்கள். தெற்கிலிருந்து வடக்கு வரை உள்ள உயரத்தைச் சமமான சில நூறு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் அதைத் தொடும் பக்கங்களின் பட்டியலை ஒரு முறை தயாரியுங்கள். புள்ளி வந்ததும் அதன் வடக்குத் தூரத்தை வைத்து ஒரே வகுத்தலில் பட்டை எண்ணைப் பெற்று, அந்தப் பட்டியலை மட்டும் மேலே உள்ள நிரலில் ஓட்டுங்கள். பட்டையைத் தொடாத பக்கம் அந்தப் பட்டைக்குள் போகும் கிடைக் கதிரை வெட்டவே முடியாது. ஆகவே விடை இம்மியும் மாறாது. ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குப் பதில் சில பத்துப் பக்கங்கள். முன்கூட்டிய தயாரிப்பும் சிறிது, நிரலும் சிறிது.

பலகோணம் எங்கும் குழியாத குவிவு வடிவம் என்றால் இருமத் தேடல், அதாவது ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கிக்கொண்டே தேடுவது, போதும். ஆயிரம் முனைகளுக்குப் பத்துச் சொச்சம் ஒப்பீடு. ஆனால் தோட்ட நிலத்தில் அப்படி ஒரு பிளாக் கிடைப்பது அரிது.

பல பிளாக்குகளுக்குச் சதுரக் கட்டங்கள் மிக நன்றாக வேலை செய்யும். 2,000 மீட்டருக்கு 3,000 மீட்டர் நிலத்தை 50 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால் 2,400 கட்டங்கள். எந்தப் பக்கமும் தொடாத கட்டம் முழுதும் ஒரே பிளாக்குக்குள் இருக்கும், அல்லது முழுதும் வெளியே. அதற்கு விடையை முன்பே எழுதி வைத்துவிடலாம். பக்கம் தொடும் கட்டங்களுக்கு மட்டும் எந்தெந்தப் பிளாக் என்ற பட்டியலை வையுங்கள். புள்ளி வந்தால் கட்டத்தைப் பார். விடை இருந்தால் எடு, இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள இரண்டு மூன்று பிளாக்குகளை மட்டும் சோதி. எல்லையிலிருந்து தள்ளிக் கிடக்கும் புள்ளிகளுக்குப் பக்கச் சோதனை ஒன்றுகூட நடக்காது.

மாநிலம் முழுவதும் உள்ள நிலங்கள், பெரியதும் சிறியதும் கலந்தவை என்றால் கட்டத்தைவிட ஆர் மரம் நல்லது. அன்டோனின் குட்மன் 1984-இல் கொடுத்த அமைப்பு அது. எல்லைச் செவ்வகங்களைச் செவ்வகங்களுக்குள் அடுக்கி வைக்கிறது. அதை நீங்களே எழுத வேண்டாம். போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்திலும் பைதானின் ஷேப்லி தொகுப்பிலும் தயாராகவே இருக்கிறது.

அந்தக் கருவிகளைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் "கன்டெய்ன்ஸ்" என்ற கட்டளை எல்லைக் கோட்டின் மேல் உள்ள புள்ளியை உள்ளே என்று கொள்ளாது, "கவர்ஸ்" கொள்ளும். ஆகவே பொது எல்லையில் சரியாக விழும் புள்ளி முதல் கட்டளையில் எந்தப் பிளாக்கிலும் சேராது, இரண்டாவதில் இரண்டு பிளாக்கிலும் சேரும். கணக்குப் பணிக்கு "கவர்ஸ்" போட்டு, ஒன்றுக்கு மேல் வந்தால் குறைந்த பிளாக் எண்ணை எடு என்பது போல ஒரு நிலையான விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஜிபிஎஸ் பிசகுக்கு இடம் விடுதல்

கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் பிசகும். செம்பனை ஓலைகளின் அடியில் இன்னும் கூடும். எல்லையிலிருந்து 3 மீட்டரில் விழுந்த புள்ளிக்குக் கணினி சொல்லும் "உள்ளே" என்பதை நம்பி ஒருவர் கணக்கில் ஏற்றுவது நியாயமாகாது. அதனால் விடையோடு தூரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தூரம் காண மேலே வந்த கு என்ற எண்ணே உதவும். அதைப் பக்கத்தின் நீளத்தால் வகுத்தால் கோட்டிலிருந்து செங்குத்துத் தூரம். (400, 250) குவியலுக்கு இ–ஈ பக்கத்தில் கு −12,200. பக்கத்தின் நீளம் 328 மீட்டர். தூரம் 37 மீட்டர். அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. செங்குத்து அடி பக்கத்துக்கு வெளியே விழுந்தால் அருகிலுள்ள முனைக்கான தூரத்தை எடுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் கண்டு மிகச் சிறியதை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மீட்டர் கணக்கு வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். சுங்கை சிப்புட் அட்சரேகையில் ஒரு பாகை வடக்கே சுமார் 110.6 கிலோமீட்டர், கிழக்கே சுமார் 110.9, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

தூரம் 10 மீட்டருக்குள் வந்தால் பதிவைத் தானாக ஏற்றாமல் தனிப் பட்டியலில் போடுங்கள். மறுநாள் காலைப் பிரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) மண்டோரிடம் காட்டினால், "அது எட்டாம் பிளாக் கடைசி நிரை, ஐயா" என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னதை அப்படியே பதியுங்கள். 10 என்ற எல்லை என் கணிப்பு. மர இடைவெளி 9 மீட்டர் என்பதால் ஒரு மர இடைவெளி அளவு ஐயத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

படி 9: சோதித்துப் பார்த்தல்

மேலே உள்ள ஐந்து முனைப் பிளாக்கை உங்கள் நிரலில் ஏற்றி மூன்று புள்ளிகளையும் கொடுங்கள்: உள்ளே, வெளியே, உள்ளே என்று வர வேண்டும். முனை வரிசையைத் தலைகீழாக்கிக் கொடுத்தாலும் அதே விடை வர வேண்டும். ஒவ்வொரு முனையின் உயரத்திலும், பிளாக்கின் உள்ளும் புறமும் புள்ளிகள் வைத்துப் பாருங்கள்.

பிறகு எல்லைச் செவ்வகத்துக்குள் 10,000 புள்ளிகளைச் சீரற்ற முறையில் தூவுங்கள். செவ்வகம் 620-க்கு 460, அதாவது 2,85,200 சதுர மீட்டர், பிளாக் 1,80,000. விகிதம் 0.631. உள்ளே விழுபவை 6,300-ஐ ஒட்டி வர வேண்டும். நூறு நூற்றைம்பது கூடலாம், குறையலாம்.

கடைசியாக உங்கள் தோட்டம் முழுவதற்கும். ஒவ்வொரு பிளாக்கின் ஒவ்வொரு முனையையும், ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் சோதனைப் புள்ளியாகக் கொடுத்து, எத்தனை பிளாக்குகள் "உள்ளே" என்கின்றன என்று எண்ணுங்கள். தோட்டத்தின் உட்பகுதியில் அந்த எண்ணிக்கை எல்லா இடத்திலும் 1 என்றே இருக்க வேண்டும். வெளி எல்லையிலும், படி 6-இல் ஒதுக்கிய இடங்களின் எல்லையிலும் மட்டும் பூஜ்யமும் வரலாம். உட்பகுதியில் வேறு எங்காவது இரண்டோ பூஜ்யமோ வந்தால், அந்த இடத்தின் எண்களை எடுத்துக்கொண்டு முதலில் அடுத்தடுத்த இரண்டு பிளாக்கின் முனைப் பட்டியல்களை ஒப்பிடுங்கள். கட்டைகள் ஒன்றாக இருந்தும் பிழை நிற்கிறது என்றால், நிரலில் பெரிது என்று இருக்க வேண்டிய இடத்தில் பெரிது அல்லது சமம் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.